முப்பத்தாறாவது வரிசை

அந்த ஷீட்டை உண்டாக்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நடந்ததையெல்லாம் எங்கள் மையத்தில் "ஷீட் செஞ்ச வேலை" என்றுதான் பேசினார்கள். நானும் அரை நாள் முழுக்க அப்படியே பேச விட்டுவிட்டேன்.

எங்கள் மையம் ஆலங்குடியில் இருக்கிறது. ஒரு சின்ன அறக்கட்டளை நடத்துவது. இனிமேல் குணமாகாது என்று பெரிய ஆஸ்பத்திரிகள் அனுப்பிவிட்டவர்களை வீட்டிலேயே போய்ப் பார்ப்பது எங்கள் வேலை. புண்ணைக் கழுவிக் கட்டுவோம், குழாய் மாற்றுவோம், வலிக்கு மார்ஃபின் மாத்திரை கொடுப்போம். அது சாதாரண மருந்துக்கடையில் கிடைக்காது. நாங்களும் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குத்தான் கொடுப்போம். அடுத்த வாரம் வண்டி போனால்தான் அடுத்த அட்டை. அதனால் வண்டி வருகிற கிழமை என்ன என்று அந்த வீடுகளில் யாரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள்.

நான் சுகுணா. டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை. யார் வீட்டுக்கு எந்த நாள் வண்டி போக வேண்டும் என்று திட்டம் போடுகிறவள். நான் வேலைக்குச் சேர்ந்தபோது ஆளுக்கொரு நோட்டு வைத்திருந்தார்கள். அதிலும் நான்சி என்ற நர்ஸின் நோட்டு இருக்கிறதே, அதைப் படிக்க அவளைத்தான் கூப்பிட வேண்டும். "சந்தனராஜ் அண்ணன், செவ்வாய், கெபிகிட்ட நிறுத்தணும், கண்ணாடி டம்ளர்ல தண்ணி குடுத்தாத்தான் மாத்திரை போடுவார்" என்று எழுதி வைத்திருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். கண்ணாடி டம்ளருக்கெல்லாம் எங்கே கட்டம் போடுவது?

எல்லா நோட்டையும் மூட்டை கட்டி அலமாரியில் போட்டுவிட்டு, அறுபத்தொரு நோயாளிகளையும் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமான ஒரே ஷீட்டில் ஏற்றினேன். ஊர்வாரியாக அடுக்கினேன். டாக்டர் அன்புமொழி, நர்ஸுகள் இரண்டு பேர், போன் எடுக்கிற கோபிநாத், டிரைவர் ரெங்கசாமி, நான் என்று ஆறு பேருடைய போனிலும் அது திறக்கும். யார் எதை மாற்றினாலும் அந்த நொடியே மற்ற ஐந்து பேருக்கும் மாறிவிடும். டாக்டர் எல்லார் முன்னாலும் பாராட்டினார். அதற்குப் பிறகு கொஞ்ச நாளைக்கு எனக்குக் கால் தரையில் படவில்லை.

சித்திரை பிறந்ததும் நான்சி மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போனாள். அவள் இடத்துக்கு சரண்யா வந்தாள். இலுப்பூர்க்காரி, எங்கள் பக்கத்து ஊர்கள் ஒன்றும் தெரியாது. ஷீட் இருக்கிறது, யார் போனால் என்ன, யார் வந்தால் என்ன என்று நான் தெனாவெட்டாக இருந்தேன்.

நெடுங்கரைப்பட்டியில் எங்களுக்கு நான்கு நோயாளிகள். மூன்று பேர் ஊருக்குள், மாரியம்மன் கோயில் தெருக்களில். நான்காவது ஆள் சந்தனராஜ். ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டு ஓரம் மாதா சிலை வைத்த கெபிக்குப் பக்கத்தில் மூன்று கிறிஸ்தவ வீடுகள் உண்டு, அதில் நடுவீடு. அவர் கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற சென்ட்ரிங் வேலை பார்த்தவர். அந்த மாரியம்மன் கோயில் மண்டபத்துக்கே அவர்தான் சென்ட்ரிங் அடித்தார் என்று ஊரில் சொல்வார்கள். முதுகெலும்பில் பரவிவிட்ட புற்றுநோய். வீட்டில் அவரும் மனைவி அடைக்கலமேரியும்தான். பிள்ளை இல்லை.

சரண்யா வந்த வாரமே ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டிவிட்டால் எட்டாம் நாள் திருவிழா முடிகிற வரைக்கும் ஊரே விரதம். நல்லது கெட்டது எதுவும் வைக்க மாட்டார்கள், வெளியாள் தங்கக் கூடாது. எங்கள் வண்டி விஷயம் இன்னும் சங்கடமானது. அது யார் வீட்டு வாசலில் நிற்கும், ஏன் நிற்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஊர்ப் பெரியவர் ஒருவர் எனக்குப் போன் செய்து தன்மையாகத்தான் சொன்னார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. காப்புக் கட்டுறோம். எட்டு நாளைக்கு மட்டும் வண்டி ஊருக்குள்ள வர வேணாம். நம்ம மூணு வீட்டுக்காரகளும் முன்னாடியே அங்கிட்டு வந்து மாத்திரைய வாங்கிக்கிருவாக."

"சந்தனராஜ் வீடு?" என்று நான் கேட்டேன். கேட்டேன் என்பதுதான் இன்றைக்கும் என்னைத் தின்கிறது.

"அது ரோட்டு மேல இருக்கு, அதுக்கு ஒண்ணுமில்ல. அங்கிட்டு தாராளமா வாங்க. பாவம், அந்த மனுசன் வலியில கெடக்குறாரு."

சொன்னபடியே மூன்று வீட்டாரும் சனிக்கிழமை மையத்துக்கு வந்து மாத்திரை வாங்கிக்கொண்டு போனார்கள். டாக்டர் கையெழுத்துப் போட்டுச் சேர்த்துக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை ஊரில் காப்புக் கட்டினார்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் நான் ஆலங்குடியிலிருந்து புதுக்கோட்டை பஸ்ஸில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன். நிற்கத்தான் இடம். ரெங்கசாமி போன் செய்தார். அவருக்கு அறுபது நெருங்குகிறது. ஷீட்டைத் திறக்கவே மாட்டார்.

"ஆத்தா, நாளைக்கு எந்தெந்த ஊரு? அந்தக் கட்டம் கட்டமா இருக்கறதெல்லாம் என் கண்ணுக்கு ஆகாது. நீ எப்பயும் போல படமா அனுப்பிரு."

ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஷீட்டைத் திறந்தேன். அதில் ஃபில்டர் என்று ஒன்று உண்டு. வேண்டாத வரிசைகளை அது அழிக்காது, கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கும், அவ்வளவுதான். ஊர்ப் பெயர்கள் வரிசையாக வந்தன. நெடுங்கரைப்பட்டிக்கு நேராக இருந்த டிக்கை எடுத்தேன். நான்கு வரிசைகள் மறைந்தன. அதைப் படம் பிடித்து ரெங்கசாமிக்கு அனுப்பினேன். சந்தனராஜை மட்டும் சரண்யாவிடம் தனியாகச் சொல்லிவிட வேண்டும், பிறகு ஃபில்டரை எடுத்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அதற்குள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்த பெண் எழுந்தாள், இடம் கிடைத்தது, உட்கார்ந்தேன். காலையிலிருந்து நின்ற கால்கள். கண்ணை மூடியவள் பேருந்து நிலையத்தில்தான் விழித்தேன். சரண்யாவிடம் சொல்லவில்லை. ஃபில்டரையும் எடுக்கவில்லை.

இதுதான் நான் செய்தது. இதற்கு மேல் இதில் ஒன்றும் இல்லை.

எனக்கு ஒன்று தெரிந்திருக்க வேண்டும், தெரிந்தும் இருந்தது. அந்த ஷீட்டில் நான் ஒரு வரிசையை மறைத்தால் என் போனில் மட்டும் மறையாது. ஆறு பேருக்கும் மறையும். எனக்கு மட்டும் மறைக்கிற மாதிரி வேறொரு வழி உண்டு என்று பயிற்சியில் சொன்னார்கள். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் செய்ய வேண்டியது. பஸ்ஸில் யார் அதையெல்லாம் செய்வார்கள்?

அந்த வாரம் முழுக்க எனக்குப் புதுக்கோட்டையில் வேறொரு பயிற்சி. ஷீட்டை நான் திறக்கவே இல்லை. அடுத்த திங்கட்கிழமை காலை மையத்துக்கு வந்து வாரக் கணக்கெடுப்புக்கு உட்கார்ந்தேன். மேலே மொத்த நோயாளிகள் அறுபத்தொன்று என்று இருந்தது. கீழே எண்ணினால் ஐம்பத்தேழு. என் கண்ணில்தான் கோளாறு என்று மறுபடி எண்ணினேன். அப்போதுதான் இடது ஓரத்தில் இருக்கிற வரிசை எண்களைப் பார்த்தேன். முப்பத்து மூன்றுக்கு அடுத்து முப்பத்தெட்டு என்று இருந்தது. ஆறு பேர் போனிலும் ஒரு வாரமாக இருந்த ஷீட். அந்த எண்ணை ஒருவர்கூடப் பார்க்கவில்லை.

ஃபில்டரை எடுத்தேன். நான்கு வரிசைகளும் திரும்பி வந்தன. முப்பத்தாறாவது வரிசையில் சந்தனராஜ். அடுத்த வருகை என்ற கட்டத்தில் போன செவ்வாய்க்கிழமையின் தேதி அப்படியே இருந்தது. அதற்கு நேராக யாரும் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

வரிசையிலேயே இருந்த எண்ணுக்குப் போன் போட்டேன். அடைக்கலமேரிதான் எடுத்தார்.

"ஆலங்குடி மையத்துலேருந்து சுகுணா பேசுறேம்மா. சந்தனராஜ் அண்ணன் எப்படி இருக்காங்க?"

"அவுக சனிக்கிழமை விடியக்கால போய்ட்டாகம்மா. அடக்கமும் முடிஞ்சிருச்சு. நீங்க வேற எதுக்கும் போன் பண்ணீங்களா?" என்று கேட்டார். அந்தக் குரலில் கோபமே இல்லை. இருந்திருக்கலாம்.

டாக்டரிடம் வரிசை மறைந்திருந்ததை மட்டும் சொன்னேன். உடனே டாக்டர் எங்களை எல்லாம் கூப்பிட்டுவிட்டார்.

சரண்யாதான் முதலில் பேசினாள். பேசினாள் என்பதைவிட அழுதாள் என்று சொல்ல வேண்டும். "எனக்கு அந்தப் பேரே தெரியாது மேடம். லிஸ்ட்ல என்ன இருந்துச்சோ அங்கதான் போனேன். ஒரு வீடும் விடல. டிரைவரண்ணன்கூட கெபிகிட்ட நிக்கணுமான்னு கேட்டாரு. போன்ல பாத்தேன், இல்லண்ணேன்னு சொன்னேன்."

கோபிநாத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். "புதன்கிழமை அந்தம்மா போன் பண்ணாங்க. பேரத் தேடுனேன், காணோம். அந்த ஊரே காணோம். ஒங்க பேரு லிஸ்ட்ல இல்லம்மா, எடுத்துட்டாங்க போலருக்கு, கேட்டுச் சொல்றேன்னேன். டாக்டரம்மா அன்னைக்குத் திருச்சி போயிருந்தீங்க. அதுக்குள்ள அடுத்த போன் வந்துருச்சு. அப்பறம்… எல்லாரும் பாக்குற லிஸ்டு, யாரோ யோசிச்சுத்தான் எடுத்திருப்பாங்கன்னு நெனச்சுட்டேன் மேடம்."

அவர் சொன்னது சத்தியமான வார்த்தை. நோட்டில் ஒரு பெயரைக் காணவில்லை என்றால் நோட்டுக்காரியைப் பிடித்துக் கேட்போம். இது எல்லோருடைய பட்டியல். அதனால் யாரையும் கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் அன்புமொழி நல்லவர். யாரையும் திட்டத் தெரியாது. மேசையைப் பார்த்தபடி சொன்னார்: "ஆறு பேருக்கும் மாத்துற அனுமதி இருக்கு. யார் கை பட்டுச்சுன்னு இப்ப தோண்டி என்ன ஆகப்போகுது. ஷீட்டுல வந்த கோளாறுன்னு எழுதி வச்சிருவோம். இனிமே வேற ஏற்பாடு பண்ணுவோம். சரண்யா, அது ஒங்க ஏரியா. போய் அந்தம்மாவப் பாத்து, கம்ப்யூட்டர் கோளாறு ஆயிருச்சுன்னு சொல்லி வருத்தம் தெரிவிச்சிட்டு வாங்க."

சரண்யா தலையாட்டினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க நினைத்தேன் என்றெல்லாம் பொய் சொல்ல மாட்டேன். தப்பித்தோம் என்றுதான் நினைத்தேன். என் பெயர் வரவில்லை, அந்தப் பாராட்டு கெடவில்லை, வேலை போகவில்லை. இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி, தான் செய்யாததற்குத் தலை குனிந்துகொண்டு செத்த வீட்டுக்குப் போகப் போகிறாள். அதைப் பார்த்துக்கொண்டே டீயைக் குடித்து முடித்தேன்.

வெளியே வேப்பமரத்தடியில் ரெங்கசாமி வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"செவ்வாக்கிழமை நான் அந்த வழியாத்தான் ஆத்தா போனேன். அதுக்கு மொத வாரம் வரைக்கும் நின்ன எடம். லிஸ்ட்ல இல்லன்னு அந்தப் புள்ள சொன்னதும், சரி, மனுசன் போய்ச் சேந்துட்டாரு போலன்னு நெனச்சேன். வண்டிய மெதுவா விட்டு, அந்த வீட்டப் பாத்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போனேன்." துணியை மறுபடி கையில் எடுத்தார். "உசுரோட இருந்த மனுசனுக்கு."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். இரண்டு முறை தடவிவிட்டு என் பக்கம் நீட்டினார். நான் பஸ்ஸிலிருந்து அனுப்பிய படம். திங்கட்கிழமை, மாலை ஐந்து ஐம்பத்திரண்டு. ஓரத்தில் முப்பத்து மூன்றுக்கு அடுத்து முப்பத்தெட்டு.

"உள்ள என்ன பேசிக்கிட்டீங்கன்னு சரண்யா சொல்லுச்சு," என்றார் தாழ்ந்த குரலில். "இத இன்னும் நான் அழிக்கல. அழிச்சிரவா?"

அவர் மிரட்டவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் கேட்டார். எட்டு வருடமாக என்னை ஆத்தா என்று கூப்பிடுகிற மனிதர். அந்த அன்பில்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போனது.

"அழிக்காதீங்க," என்றேன்.

உள்ளே போய் டாக்டரிடம் சொன்னேன். நின்றுகொண்டே, ஒரே மூச்சில், பஸ், படம், ஃபில்டர், சந்தனராஜ் வீட்டுக்குத் தடையில்லை என்று தெரிந்தே இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "இத அவங்ககிட்ட சொல்லணுமா சுகுணா? சொன்னா ஒங்க மனசுதான் லேசாகும். அவங்களுக்கு அதுல என்ன இருக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சரண்யா போகக் கூடாது, நான் போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நெடுங்கரைப்பட்டியில் திருவிழா முடிந்து காப்பு அவிழ்த்திருந்தார்கள். ரோட்டில் கட்டியிருந்த ட்யூப்லைட்டுகளை ஆட்கள் ஏணி போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். ரெங்கசாமி கெபிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார், ஆனால் இறங்கவில்லை. "எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வர? நீ போய்ட்டு வா ஆத்தா," என்றார்.

அடைக்கலமேரி கதவருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவர் தரையில் உட்கார்ந்தார். நானும் நாற்காலியை விட்டுத் தரையில் உட்கார்ந்தேன். கட்டிலைச் சுவரோடு நிமிர்த்தி வைத்திருந்தார்கள். ஜன்னல் விளிம்பில் ஒரு கண்ணாடி டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அதைப் பார்த்ததும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வாக்கியங்கள் எனக்கு மறந்துபோயின.

"நாந்தாம்மா தப்பு பண்ணேன்," என்று ஆரம்பித்தேன். ஃபில்டர் என்றால் என்ன என்று சொன்னேன். ஊருக்குக் காப்புக் கட்டினார்கள் என்று அந்த ஊரை மறைத்தேன், அதோடு உங்கள் வீடும் மறைந்தது, திரும்ப எடுக்க மறந்தேன் என்று சொன்னேன். புரிந்ததா என்று தெரியவில்லை. அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப அவுக பேர நீங்க எடுக்கலயா?"

"எடுக்கலம்மா. ஒரு நாளும் எடுக்கல. அங்கதான் இருந்துச்சு."

"காட்டுங்க."

போனில் ஷீட்டைத் திறந்து அவர் கையில் கொடுத்தேன். விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுப் படித்தார். சந்தனராஜ், ஐம்பத்தெட்டு, நெடுங்கரைப்பட்டி, செவ்வாய். செவ்வாய் என்ற இடத்தில் விரல் நின்றது.

"செவ்வாக்கிழமை காலைல வாசல்ல நின்னு பாத்துக்கிட்டே இருந்தேன்," என்றார். "வண்டி வந்துச்சு. மெதுவாச்சு. டிரைவரண்ணன் கும்பிட்டாரு. கெபியில இருக்க மாதாவத்தான் கும்பிடுறாருன்னு நெனச்சேன். அப்பறம் வண்டி நிக்காமப் போயிருச்சு. மறுநா போன் பண்ணேன். பேரு இல்ல, எடுத்துட்டாகன்னு சொன்னாக. அப்பத்தான் எனக்கு அந்தக் கும்பிடு எதுக்குன்னு புரிஞ்சுச்சு. ஆஸ்பத்திரிக்காரகளுக்குத் தெரியாதா? இனி அவ்வளவுதான்னு முடிவு பண்ணி எடுத்துட்டாகன்னு நெனச்சேன். அப்பறம் நான் யாருக்குப் போன் பண்றது?"

"ஆலங்குடிக்கு ஒரு தடவ நேர்ல வந்திருந்தா…" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அவுகள யாருகிட்ட விட்டுட்டு வர?" என்று கேட்டார். பிறகு போனை மடியில் வைத்துக்கொண்டு பேசினார். எனக்குச் சொல்வது போல இல்லை.

"செவ்வாக்கிழமை சாயங்காலத்தோட மாத்திரை தீந்துபோச்சு. வண்டி வந்துச்சா, வண்டி வந்துச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. ஒங்க பேர எடுத்துட்டாகன்னு எப்படிச் சொல்ல? காப்புக் கட்டியிருக்காக, அதான் வண்டிய வர வேணாம்னுட்டாக, காப்பு அவுத்ததும் வரும்னு சொல்லிட்டேன். அவுக நம்பிட்டாக. சரி மேரி, ஊருக்காக எட்டு நாளு பொறுத்துக்கிறேன்னாக. நான் சென்ட்ரிங் அடிச்ச மண்டபத்துல சாமி வந்து ஒக்காருது, பொறுக்க மாட்டனான்னாக. துண்ட வாயில வச்சுக் கடிச்சுக்கிட்டே நாலு நாளு பொறுத்தாக."

வெளியே ஒரு பஸ் போய் ஓய்ந்தது.

"அடக்கத்துக்கு வந்த ஃபாதர்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணேன். சாகப்போற மனுசன்கிட்ட பொய் சொல்லிட்டேன் சாமின்னு அழுதேன்." அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நீங்க இப்பச் சொல்றதப் பாத்தா, வண்டி வராததுக்குக் காப்புதான் காரணமா?"

"ஆமாம்மா."

"அப்ப நான் சொன்னது பொய் இல்லையா?"

"இல்லம்மா. நீங்க சொன்னது நெசம்தான். பொய்யானது நாங்க சொன்னதுதான்."

நான் எதிர்பார்த்தது அழுகை, இல்லையென்றால் சாபம். இரண்டுக்கும் தயாராகத்தான் வந்திருந்தேன். அவர் அந்த நிமிர்த்தி வைத்த கட்டிலைப் பார்த்தார்.

"பொய் சொல்றமேன்னு அவுக மூஞ்சியவே நான் பாக்கலம்மா. நாலு நாளும். கண்ணப் பாத்தா கண்டுபிடிச்சிருவாக. முப்பது வருசம் கூட இருந்த மனுசனுக்குத் தெரியாதா? அதனால தண்ணிய வச்சிட்டு எந்திரிச்சு அடுப்படிக்குப் போயிருவேன். மேரி, செத்த இங்கிட்டு வந்து ஒக்காருன்னு கூப்பிடுவாக. வேல இருக்குன்னுருவேன். ஒரு வேலையும் இல்ல." சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். "அவுக பேரு இருக்குன்னு மட்டும் தெரிஞ்சிருந்தா, வலி வலின்னு கத்துனாலும், கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே ஒக்காந்திருப்பேன்ல?"

டாக்டர் கேட்ட கேள்விக்கு அப்போது எனக்குப் பதில் கிடைத்தது. கிடைக்காமலே இருந்திருக்கலாம். மாத்திரை இல்லாத நான்கு நாளைத்தான் நான் தந்ததாக நினைத்துக்கொண்டு வந்திருந்தேன். எதைப் பறித்தேன் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

"என்னய மன்னிச்சிருங்கம்மா," என்றேன். அழுகை வந்தது. எனக்கு என்ன உரிமை என்று அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

"அது அப்பறம்," என்றார். "இப்ப என்னால முடியாது." மடியிலிருந்த போனை எடுத்து மறுபடி பார்த்தார். திரை அணைந்திருந்தது. என்னிடம் நீட்டினார். திறந்து கொடுத்தேன்.

"இதுல இன்னும் அவுக இருக்காகளா?"

"இருக்காங்கம்மா. எறந்த தேதியப் போடணும். இன்னும் யாரும் போடல."

"போட்டா எல்லாருக்கும் தெரியுமா? டிரைவரண்ணன், போன் எடுத்தவரு, புதுசா வந்த புள்ள, எல்லாருக்கும்?"

"போட்ட ஒடனே ஆறு பேருக்கும் தெரியும்."

அவர் போனை என் கையில் வைத்து, என் விரல்களை அதன் மேல் மூடினார். அவர் கை சூடாக இருந்தது.

"சனிக்கிழமை. விடியக்கால நாலே முக்கா மணி. என் முன்னாடியே போடுங்க," என்றார். "இந்தத் தடவையாச்சும் செத்ததுக்கு அப்பறம் போடுங்க."

போட்டேன்.